வாளையாறுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்: பட்டறை முதலாளிகள் கொடுக்க வேண்டிய ஒரு கடிதம்

வணக்கம். கேரளப் பக்கம் கஞ்சிக்கோட்டில் நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடை முன்னால் நின்று பேசுகிறேன். இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று யார் சொல்லையும் கேட்காது. எனக்குப் பின்னால் வரிசையாக வருகிற பைக்குகளைப் பாருங்கள். எட்டிமடை, க.க.சாவடி, மதுக்கரை என்று நம் கோயமுத்தூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து வாளையாறு மாநில எல்லையைத் தாண்டி ஷிப்டுக்கு வருகிற டர்னர்கள், ஃபிட்டர்கள், வெல்டர்கள். இவர்களுக்கு வேலை கொடுக்கிற முதலாளிகளுக்குத்தான் இன்றைய வீடியோ.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பழைய மத்தியச் சட்டங்கள் 29 அவற்றுக்குள் போய்விட்டன. அத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னால் யாருக்கும் பயன்படாது. ஒரே ஒரு தாளை எடுத்துக்கொள்கிறேன்: பணி நியமனக் கடிதம்.

10 தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருக்கிற இடத்தில் ஒவ்வொருவருக்கும் இந்தக் கடிதம் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே வேலையில் இருந்து கடிதம் இல்லாமல் இருப்பவர்களுக்கு, சட்டம் வந்த 3 மாதத்துக்குள் கொடுக்கச் சொன்னார்கள். அந்தக் கெடு 2026 பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. இன்னும் கொடுக்காதவர்கள் இந்த வாரமே உட்கார்ந்து எழுதுங்கள். பட்டறையில் 6 பேர்தான் என்றாலும் எழுதிக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

நான் ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? என் அப்பா லேத் டர்னர். ஒரே பட்டறையில் 11 ஆண்டுகள் நின்றார். வேலையை விட்டு வரும்போது பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, கேட்டார். 'நீ வந்து 3 வருஷம்தானே ஆகிறது, 5 வருஷம் முடிந்திருந்தால்தான் உண்டு' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சேர்ந்த தேதியைக் காட்ட அவரிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. 'என் மகள் பிறந்த மாதம்தான் சேர்ந்தேன்' என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அதை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. சேர்ந்த தேதி என்ற ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

இன்று குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டு எடுக்கும் ஆளுக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு. அதனால் அந்த வரிக்கு இன்னும் மதிப்பு கூடியிருக்கிறது.

அடுத்து, கடிதத்தில் சம்பளத்தை எழுதும் வரி. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. சிஎன்சி செட்டர், அதாவது கணினியில் ஓடும் மெஷினைச் சரிசெய்து வைக்கிறவர், ஒருவருக்கு மாதம் 32,000 ரூபாய் என்று வையுங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000, வீட்டு வாடகைப்படி 12,000, பயணப்படி 7,000 என்று பிரித்திருக்கிறீர்கள். பணிக்கொடைக்கும் வருங்கால வைப்பு நிதிக்கும் அடிப்படையாக எடுக்கும் தொகையைத்தான் சட்டம் ஊதியம் என்கிறது. புதிய சட்டப்படி அந்த ஊதியக் கணக்கிலிருந்து விலக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 32,000-இல் பாதி 16,000. உங்கள் படிகள் 19,000. மிஞ்சுகிற 3,000 ஊதியத்தோடு சேர்ந்துவிடும். ஆக அவருடைய ஊதியம் 16,000.

இதனால் என்ன ஆகும்? 10 ஆண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை 75,000 என்று நினைத்திருப்பீர்கள், 92,308 ஆகிறது. வருங்கால வைப்பு நிதியை 15,000 உச்சவரம்பு வரை மட்டும் கட்டினால், ஆள் பங்கு மாதம் 1,560-இலிருந்து 1,800 ஆகும். கையில் வாங்குவது 240 ரூபாய் குறையும். இதை முன்கூட்டியே அவரிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். சம்பளச் சீட்டைப் பார்த்து அவராகவே கண்டுபிடித்தால், நீங்கள் பிடித்துக்கொண்டதாகத்தான் நினைப்பார்.

வேலையை விட்டுப் போகிறவருக்குக் கணக்கை 2 வேலை நாட்களுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். 'அடுத்த மாதம் வந்து வாங்கிக்கொள்' என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். 40 வயது தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை இலவச மருத்துவப் பரிசோதனையும் உண்டு.

இனி எல்லைக்காரர்களாகிய நமக்கே உரிய சிக்கல். மலுமிச்சம்பட்டியில் ஒரு பட்டறை, கஞ்சிக்கோட்டில் ஒரு ஷெட் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கேட்டார்: 'தம்பி, ஆட்கள் எல்லாம் கோயமுத்தூர்க்காரர்கள், கணக்கும் கோயமுத்தூரிலேயே பார்த்தால் போதாதா?' போதாது. மெஷின் எங்கே நிற்கிறதோ அந்த மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி, அந்த மாநிலத்தின் விடுமுறைப் பட்டியல், அந்த மாநிலத்தின் தொழிலாளர் அலுவலகம். தேசிய, பண்டிகை விடுமுறைகள் தமிழ்நாட்டில் 9, கேரளத்தில் 13. இரண்டு ஷெட்டுக்கும் ஒரே பதிவேடு வைத்திருந்தால் நான்கு நாள் கூலி விட்டுப்போயிருக்கும். அதனால் கடிதத்தில் வேலை செய்யும் இடத்தை ஊர்ப் பெயரோடு எழுதுங்கள்.

இடத்தை எழுதச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதோ திரும்பும்போதோ நடக்கும் விபத்தை, வேலையோடு தொடர்பு நிறுவப்பட்டால், வேலையில் நடந்த விபத்தாகவே சட்டம் கொள்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து லாரிகளுக்கு நடுவே பைக்கில் வாளையாறு தாண்டிப் போகிற பையன் விழுந்தால், எங்கிருந்து எங்கே, எந்த நேரத்தில் போனான் என்பதை அவன் வீட்டார் காட்ட வேண்டியிருக்கும். வேலை இடமும் ஷிப்ட் நேரமும் வீட்டு முகவரியும் அந்தக் கடிதத்திலேயே இருந்தால், அவன் மனைவி அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டாம்.

கடிதத்தை அவர்கள் படிக்கத் தெரிந்த மொழியில் கொடுங்கள். நம் ஆட்களுக்குத் தமிழில், இங்கத்திக்காரர்களுக்கு மலையாளத்தில், ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் ஹெல்பருக்கு வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்து. ஒரு நகல் அவர் கையில் போக வேண்டும்.

சங்கு ஊதிவிட்டது. அந்த அண்ணனின் ஷெட்டில் இன்று 14 கடிதங்கள் கையெழுத்தாகின்றன. முதல் கடிதம் 19 ஆண்டாக அவரிடம் இருக்கும் டர்னருக்கு. சேர்ந்த தேதியை அவரிடமே கேட்டு எழுதியிருக்கிறோம். நான் உள்ளே போகிறேன்.