‘ஆமா’ போட ஓர் ஆள்

வணக்கம். பாளையங்கோட்டையில் நின்றுகொண்டு பாடம் நடத்துவது திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுவருகிற கதை. அதனால் பல தரப்பினர் கலந்த கூட்டத்துக்குத் தொழில்நுட்பத்தை விளக்கப் போய் நான் சொதப்பியதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

2018-இல் 1, 6, 9, 11 ஆம் வகுப்புகளுக்குப் புதுப் பாடநூல் வந்ததல்லவா, உள்ளே போன் கேமராவைக் காட்டினால் பாட வீடியோ வரும் கட்டங்களான க்யூஆர் கோடுகளோடு? அதை விளக்க முக்கூடல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். முன்னால் அதிகாரிகள், நடுவே ஆசிரியர்கள், கடைசியில் பீடி சுற்றுவதைப் பாதியில் போட்டுவிட்டு வந்த அம்மாமார்கள். என் கையில் நாற்பது ஸ்லைடு. மூன்றாவதிலேயே ‘சர்வர்’ வந்துவிட்டது, பாடங்களைச் சேர்த்து வைத்திருக்கும் கணினியைச் சொல்கிறேன். அதிகாரி தலையாட்டினார், எதற்கும் ஆட்டுகிறவர் அவர். ஆசிரியர்கள் செல்போனுக்குள் போய்விட்டார்கள்.

பத்தாவது ஸ்லைடில் ஓர் ஆச்சி எழுந்தார். “ஏய்யா, அந்தக் கட்டத்துக்குள்ளயா சாரு இருக்காவ?”

கூட்டம் சிரித்தது. எனக்கோ அப்போதுதான் மூச்சு வந்தது. “இல்ல ஆச்சி, கட்டத்துல வெறும் விலாசம்தான் இருக்கு. போன் அந்த விலாசத்துக்குப் போய்ப் பாடத்தைக் கூட்டிட்டு வரும்” என்றேன். செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆசிரியரும் நிமிர்ந்தார். அவருக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது, கேட்கக் கூச்சம்.

கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். குழந்தை முதல் கிழவி வரை விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். பாடுகிறவர் ஒரு வரி சொன்னால் பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவார். நடுவில் ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஒரு கேள்வியும் போடுவார். அது கூட்டத்தின் கேள்வி. அன்றைக்கு எனக்கு அந்த ஆச்சிதான் பின்பாட்டு. இப்போதெல்லாம் அந்த ஊர் ஆசிரியர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி, பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறேன். ‘சர்வர்’ என்று வாய் தவறினால் “அப்படின்னா?” என்று வெட்டிவிட வேண்டும்.

அப்புறம் நெட். அந்தக் கோடுகளைப் படிக்கும் திக்‌ஷா செயலியில் வீடியோவைத் திறந்தேன், வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. திக்‌ஷா செயலியில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே ஓடும். முந்தின இரவு செய்திருக்கலாம், செய்யவில்லை. கேமரா மங்கலான போனாக இருந்தால், கட்டத்தின் கீழே அச்சிட்டிருக்கும் குறியீட்டைச் செயலியில் தட்டச்சு செய்தாலும் போதும். இதை நாம் காட்ட வேண்டாம், ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அதன் கையால் செய்யச் சொல்லுங்கள். அம்மாமார்கள் தானாக முன்னால் வந்துவிடுவார்கள்.

சரி, சாப்பாட்டுக்கு அப்புறம் உங்களில் ஐந்து பேர் பேசிக்காட்ட வேண்டும். பின்பாட்டுக்கு ஆள் யார் என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.