தண்டல்காரர் வரும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். கிராமக் கிளைகளில் பல ஆண்டுகள் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்தவரை ஒரு விஷயம் என் மண்டையில் ஏறவில்லை. கடன் கொடுத்துத் தினத் தவணையாக வசூலிக்கும் தண்டல்காரர் காலை ஆறு மணிக்கு, களையெடுக்கக் கிளம்பும் முன் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறார். நாங்கள் பத்து மணிக்குத் திறக்கிறோம். எங்களிடம் வர வேண்டுமானால் அன்றைய கூலி போக வேண்டும், பஸ் கட்டணம் வேறு.

பத்தாயிரம் தண்டல் என்றால் கைக்கு வருவது பெரும்பாலும் 8,500. தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி 100 சதவீதத்தைத் தாண்டும். கணக்குத் தெரியாமலா வாங்குகிறார்கள்? பிள்ளைக்கு இன்றிரவு காய்ச்சல் என்றால், இன்றிரவே பணம் தருபவர் அவர் ஒருவர்தான்.

2005 இறுதியில் புதுச்சேரியின் மங்கலம் கிராமத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும் வங்கி வசதி கிடைத்தபோது அது பெரிய செய்தி. 2014இல் ஜன் தன் திட்டம் வந்ததும் ஊருக்கு ஊர் பாஸ்புக் வந்துவிட்டது. நூறு நாள் வேலைக் கூலி அதில் விழும், மறுநாளே எடுத்துவிடுவார்கள். பணம் எடுக்க இப்போது கிளை வரை போகவும் வேண்டாம், ஊரிலேயே வங்கி முகவரின் கைரேகைக் கருவி உண்டு. ஆனால் சுண்ணாம்பும் செங்கல்லும் தின்ற விரலை அந்தக் கருவி ஏற்பதில்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்து நான்கு முறை வைத்துப் பார்க்கும் பெண்களை நானே கண்டிருக்கிறேன்.

மகளிர் குழுக்கள் இந்த இடைவெளியை ஓரளவு அடைத்தன. 1989இல் தர்மபுரியில் தொடங்கிய முயற்சி அது. இன்று மூன்று லட்சம் வரை 7 சதவீத வட்டியில் குழுக்கடன் உண்டு. ஆனால் குழுக்கடன் கைக்கு வர நாளாகும், காய்ச்சல் காத்திருக்காது.

ஜன் தன் கணக்கிலேயே ஒரு வழி இருக்கிறது. ஆறு மாதம் ஒழுங்காக வரவு செலவு நடந்திருந்தால், தகுதியுள்ளவர்களுக்கு 10,000 ரூபாய் வரை ஓவர்டிராஃப்ட் தரலாம். கணக்கில் பணம் இல்லாதபோதும் எடுத்துக்கொண்டு, பிறகு கட்டலாம். நான் எத்தனை பேருக்குக் கொடுத்தேன்? விரல்விட்டு எண்ணிவிடலாம். பத்தாயிரத்துக்கும் பத்து லட்சத்துக்கும் ஏறக்குறைய அதே எழுத்து வேலை என்பதுதான் காரணம். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த முறை கிளைக்குப் போகும்போது இதை வாய்விட்டுக் கேளுங்கள். மறுத்தால், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். நான் அந்த நாற்காலியில் இருந்த காலத்தில் என்னிடம் அப்படி ஒருவர்கூடக் கேட்டதில்லை.