குரைக்காத பாசென்ஜி

நேயர்களுக்கு வணக்கம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் கால்நடை மருத்துவர்களிடம் அடிக்கடி கேட்பது இது: "சத்தம் போடாத நாயா ஒண்ணு சொல்லுங்க டாக்டர்." முன்பே தேடிப் பார்த்தவர்கள் பெயரோடு வருவார்கள். பாசென்ஜி. மத்திய ஆப்பிரிக்காவில் காங்கோ காட்டுப் பகுதியைச் சேர்ந்த, குரைக்காத நாய். எனக்கு இந்த நாயை மிகவும் பிடிக்கும். அதனால்தான், குரைக்காது என்ற ஒரே காரணத்துக்காக இதை வாங்காதீர்கள் என்று சொல்ல இன்று வந்திருக்கிறேன்.

பத்து, பதினோரு கிலோதான் எடை. உயரம் ஒன்றரை அடிக்கும் குறைவு. விறைத்து நிற்கும் காது, இறுகச் சுருண்டு இடுப்பில் கிடக்கும் வால், எந்நேரமும் எதையோ யோசிப்பது போன்ற நெற்றிச் சுருக்கம். இதன் குரல்வளையின் அமைப்பு மற்ற நாய்களுடையதிலிருந்து மாறுபட்டது. எப்போதாவது ஒரே ஒரு 'வள்' வரும். தொடர்ந்து குரைக்க வராது. அதற்காக ஊமை என்று நினைத்துவிட வேண்டாம். மகிழ்ச்சி வந்தால் நம் ஊர்ப் பெண்கள் குலவை போடுவதைப் போல ஏற்றி இறக்கி ஒரு குரல் கொடுக்கும். உறுமும், சிணுங்கும். தனியே விட்டுவிட்டுப் போனால் வீறிட்டு அலறவும் செய்யும். அந்த அலறலைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர், குரைப்பே தேவலை என்பார்.

இதன் குணம் புரிய வேண்டுமானால் இதன் வேலையைப் பார்க்க வேண்டும். காங்கோவின் இத்தூரிக் காட்டில் வாழும் ம்பூட்டி மக்கள் வலை கட்டி வேட்டையாடுகிறவர்கள். மரங்களுக்கிடையே வலையை இழுத்துக் கட்டிவிட்டு, புதருக்குள் பதுங்கியிருக்கும் சிறு மான்களை அதை நோக்கி விரட்டுவார்கள். அந்த விரட்டலில் நாய்க்கும் பங்குண்டு. சத்தம் போடாமல் ஓடும் நாய் அடர்ந்த காட்டில் எங்கே இருக்கிறது என்று தெரியாதே! அதனால் அதன் கழுத்தில் மரத்தாலான மணியைக் கட்டிவிடுவார்கள். மணிச் சத்தத்தை வைத்து மனிதன் நாயைப் பின்தொடர்கிறான். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எப்போது பாய வேண்டும் என்பதெல்லாம் நாயின் முடிவு. கூடவே ஓடி ஆணையிட அங்கே ஆள் கிடையாது. தலைமுறை தலைமுறையாகத் தானே முடிவெடுத்து வந்த நாய், நம் வீட்டுக் கூடத்தில் "உட்கார்" என்றவுடன் உட்கார்ந்துவிடுமா?

உளவியலாளர் ஸ்டான்லி கோரன் 1994இல் நாய்களின் அறிவு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கீழ்ப்படிதல் போட்டிகளின் நடுவர்களைக் கேட்டு அவர் தொகுத்த வரிசையில் 79 இடங்கள். பாசென்ஜிக்கு 78ஆவது இடம். இதைப் பிடித்துக்கொண்டு 'மந்த நாய்' என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அந்த வரிசை அளந்தது, கட்டளையை எவ்வளவு விரைவாகக் கற்று எவ்வளவு தவறாமல் நிறைவேற்றுகிறது என்பதைத்தான். கதவுத் தாழ்ப்பாளை எப்படித் திறப்பது, கம்பி வேலியில் எப்படி ஏறுவது என்பதைத் தானாகவே கண்டுபிடிக்கும் நாயை மந்தம் என்பது அநியாயம்.

இதை அடித்துப் பழக்க முடியாது. அடித்தால் விலகிப் போய்விடும், நம்பிக்கையும் போய்விடும். சில நிமிடங்கள், விளையாட்டாக, கையில் தின்பண்டத்தோடு சொல்லிக்கொடுத்தால் கற்கும். வீட்டாரிடம் ஒட்டுதல் அதிகம். புதியவர்களிடம் தானாகப் போகாது. எட்ட நின்று எடைபோட்டுப் பார்த்து, பிடித்திருந்தால் வரும். தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும், வாடை மிகக் குறைவு. மழையில் நனைவது அறவே பிடிக்காது. வேலை கொடுக்காமல் விட்டால் சோபாவைக் கிழிக்கும். தெருவில் ஒருபோதும் சங்கிலியைக் கழற்றாதீர்கள். ஓர் அணிலைக் கண்டுவிட்டால், நீங்கள் கூப்பிடுவது காதில் விழுந்தும் நிற்காது. இன்னொன்று: பெரும்பாலான நாய் இனங்கள் ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும், பாசென்ஜி பெட்டை ஒரே முறைதான், ஆஸ்திரேலியாவின் காட்டு நாயான டிங்கோவும் அப்படியே.

ஆப்பிரிக்காவுக்கு வெளியே இந்த இனம் எளிதில் தழைக்கவில்லை. 1895இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டவை டிஸ்டெம்பர் என்னும் தொற்றுநோயில் மாண்டன. 1930களின் பிற்பகுதியில்தான் அங்கே வேரூன்றியது. மேற்கத்திய நாடுகளில் இன்றுள்ள பாசென்ஜிகளில் பெரும்பாலானவை ஒரு சில நாய்களின் வழிவந்தவை. அந்தக் குறுகிய வம்சத்தில் பரம்பரை நோய்கள் வேகமாகப் பரவின. அதனால்தான் அமெரிக்க ஆர்வலர்கள் 1987, 1988 ஆண்டுகளில் அன்று ஜயர் எனப்பட்ட காங்கோ நாட்டின் கிராமங்களுக்கே போய்ப் புது நாய்களைக் கொண்டுவந்தார்கள்.

அப்படிப் பரவியவற்றில் முக்கியமானது ஃபான்கோனி என்னும் சிறுநீரக நோய். உடம்புக்கு வேண்டிய சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சிறுநீரில் வெளியேறிவிடும். பெரும்பாலும் நான்கு வயதுக்கு மேல் தலைகாட்டும். நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், மெலியும். சிறுநீரில் சர்க்கரை இருக்கும், ரத்தத்தில் அளவு சரியாகவே இருக்கும்; இதைக் கவனிக்காமல் நீரிழிவு என்று எண்ணி இன்சுலின் கொடுத்துவிடக் கூடாது. இப்போது இதற்கு மரபணுச் சோதனை வந்துவிட்டது. தாய், தகப்பன் இரண்டில் ஒன்றாவது அந்தச் சோதனையில் குறை மரபணு இல்லாததாக இருந்தால் குட்டிக்கு இந்த நோய் வராது. இவ்வளவையும் கேட்ட பிறகும் பாசென்ஜிதான் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், அந்தச் சோதனைச் சான்றைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே குட்டியைத் தூக்குங்கள்.

நன்றி, வணக்கம்.