ஓடைக்கரை மரத்தை வெட்டினால் தும்பி கூடுமாம்!

வணக்கம் மக்களே. கோபத்தைக் கொட்டிவிட்டுத்தான் தும்பிக்கு வருவேன். ஃபோன் கமராவில் கொழுவுகிற மெக்ரோ லென்ஸ் ஒன்று ஒன்லைனில் வாங்கினேன். டெலிவரியோடு 4,200 ரூபா! கல்முனை, அம்பாறை எல்லாம் தாண்டி, இங்கினியாகலைக்குக் கிட்ட ஓடைக்குள் இறங்கிக் கிளிப்பை விரித்தேன். உள்ளே இருந்த ஸ்பிரிங் துள்ளித் தண்ணிக்குள் போய்விட்டது. பிறகு சாப்பாட்டுப் பார்சலில் கிடந்த றப்பர் பாண்டைப் போட்டு இறுக்கினேன். அசையவில்லை! இப்போது நீங்கள் பார்க்கிற அத்தனை குளோஸ்-அப்பும் அந்த றப்பர் பாண்ட் தந்ததுதான். விற்றவருக்கு மெசேஜ் போட்டேன், பார்த்திருக்கிறார், பதில் இல்லை.

சரி, ஓடை. மேல்பக்கம் மருதமரங்கள் இரண்டு கரையும் மூடி நிற்கின்றன. கீழே வயலுக்காகக் கரையை மொட்டையாக வழித்துவிட்டார்கள். அந்த வெயிலில் சிவப்புத் தும்பி, பச்சையில் கறுப்புக் கோடு போட்ட தும்பி என்று ஒரே கூட்டம். அந்தப் பச்சை இருக்கிறதே, எனக்குப் பிடிக்காத ஒன்று, மற்றத் தும்பிகளையே பிடித்துத் தின்னும். வயலில் நின்ற ஐயா, "வெட்டினாப் பிறகுதான் தம்பி, தும்பி கூடியிருக்கு" என்றார். கண்ணால் பார்க்க உண்மைதான். எரிச்சலே அதுதான்.

ஏனென்றால் இவை குளம், வயல், வாய்க்கால் எங்கும் இருக்கிற ஆட்கள். நான் தேடிப் போனது மஞ்சள்கால் ஊசித்தும்பியை. விஞ்ஞானப் பெயர் கோப்பெரா மார்ஜினிப்பெஸ். அது நிழலுக்குள் மட்டும்தான் நின்றது. ஆண் பெட்டையின் கழுத்தைப் பிடித்தபடி நட்ட குச்சி மாதிரி நிமிர்ந்து நிற்க, பெட்டை தண்ணிக்குள் தொங்கிய வேரில் முட்டையைக் குத்திக் குத்தி வைக்கிறது. புதிதாகத் தோல் கழற்றினது ஒன்று பால் வெள்ளையாக இலையில் இருந்தது.

ஆ, சொல்ல மறந்துபோனேன். ஊசித்தும்பி உட்கார்ந்தால் பெரும்பாலும் சிறகை மடித்துக்கொள்ளும், தும்பி விரித்தபடி உட்காரும். பறப்பிலும் வித்தியாசம் இருக்கிறது. பன்டாலா என்கிற தும்பி இந்து சமுத்திரத்தையே தாண்டிப் போகும். நிழலில் வாழ்கிற இந்த ஊசிக்கு ஒரு வயல்வெளியே பெரிய தடை. 1949 இல் கல்லோயா நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டம் தொடங்கின பிறகு இங்கே எவ்வளவோ காடு வயலாகவும் கரும்பாகவும் மாறியது. சேனநாயக்க சமுத்திரம் என்கிற பெரிய குளத்தைச் சுற்றின காடு 1954 இல் தேசிய பூங்காவானது. வெளியே துண்டுதுண்டாக மிஞ்சின காட்டுக்கு இந்த ஊசிகள் போகவர வழி ஓடைக்கரை மரம்தான். கரையை வழித்தால் அந்த வழி அறுந்துவிடும். மண் அள்ளினால் இன்னும் மோசம், ஊசித்தும்பியின் குஞ்சு தண்ணிக்குள்தான் வளர்கிறது, வாலில் இருக்கிற மூன்று இலை மாதிரிச் செவுளால் மூச்செடுக்கும், கலங்கின சேறு அதற்கு ஆகாது. ஆகவே எத்தனை தும்பி என்று எண்ணாதீர்கள், எந்தத் தும்பி என்று பாருங்கள்.

மட்டக்களப்பில் உன்னிச்சை, றூகம் பக்கம் மரம் மூடின ஓடை தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். யானை வருகிற இடமென்றால் அதையும் முதலே சொல்லிவிடுங்கள், ப்ளீஸ்.