ஸ்பிரிங் தொட்டிலும் செவ்வியல் இயக்கவியலும்

பெரியோர்களே, பெற்றோர்களே, இவ்வாண்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கச் செல்லும் தம்பி தங்கைகளே, வணக்கம். சுங்கை சிப்புட்டின் இந்தக் கோயில் மண்டபத்தில், சிறுவனாக நான் பாய் விரித்துத் தேவாரம் படித்த அதே இடத்தில், இயக்கவியலைப் பற்றிப் பேசக் கிடைத்த வாய்ப்புக்கு மகிழ்கிறேன்.

பல்கலைக்கழகம் புகுமுன் நாம் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வு வரை, கேள்வியைப் படித்ததும் அதற்குரிய சூத்திரத்தைத் தேடுவதே நம் பழக்கம். கோட்பாட்டு இயற்பியலின் முதல் பாடமாகிய, பொருள்களின் இயக்கத்தை ஆராயும் செவ்வியல் இயக்கவியலில் அந்தப் பழக்கம் கைகொடுக்காது. முதலாம் ஆண்டுத் தேர்வொன்றில் விசையின் திசையைத் தவறாகக் குறித்துவிட்டு, மூன்று பக்கம் எழுதியும் விடை காணாமல் தாளைக் கொடுத்துவிட்டு வந்தவன் நான்.

நம் வீட்டு ஸ்பிரிங் தொட்டிலையே எடுத்துக்கொள்வோம். உத்தரத்தில் மாட்டிய ஸ்பிரிங், அதன் கொக்கியில் சேலை, சேலைக்குள் குழந்தை. அம்மா இழுத்துவிட்டால் தொட்டில் மேலும் கீழும் துள்ளும், பக்கவாட்டிலும் ஆடும். 1687இல் நியூட்டன் வகுத்த விதிகளைக் கொண்டு இதை எழுதப் புகுந்தால், கணத்துக்குக் கணம் திசை மாறும் இழுவிசையைக் கூறுகளாகப் பிரித்தாக வேண்டும். நான் தடுக்கி விழுந்தது அங்கேதான்.

நூறு ஆண்டுகளுக்குப் பின், 1788இல் வெளிவந்த தம் இயக்கவியல் நூலில் படம் ஒன்றுகூட இராது என்று கணித மேதை லெக்ராஞ்ச் முன்னுரையிலேயே அறிவித்தார். அவர் வழியில் முதற்கேள்வி, தொட்டிலின் நிலையைச் சொல்ல எத்தனை அளவுகள் வேண்டும் என்பதே. இரண்டு போதும்: தொங்கும் நீளம், சாய்ந்த கோணம். இவற்றைக் கொண்டு இயக்க ஆற்றலை எழுதி, அதிலிருந்து ஸ்பிரிங்கிலும் புவியீர்ப்பிலும் உள்ள நிலை ஆற்றலைக் கழித்தால் கிடைப்பதற்கே இன்று லெக்ராஞ்சியன் என்று பெயர். அதை முறைப்படி வகையிட்டால் இரண்டு சமன்பாடுகள் வருகின்றன. தொட்டில் வீசி ஆடும்போது ஸ்பிரிங் கூடுதலாக நீள்வதற்குக் காரணமான உறுப்பு, அம்புக்குறி ஒன்றும் வரையாமலே, அச்சமன்பாட்டில் தானாக வந்து நிற்கிறது. விடுதி அறையில் அதை முதன்முதலாக என் கையால் எழுதிப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த இன்பத்துக்குக் கணிதமே வழி. பல மாறிகளுள் ஒன்றை மட்டும் மாறவிட்டு வகையிடும் பகுதி வகைக்கெழுவில் கை பழகாதவருக்கு விரிவுரை முழுவதும் வெறும் எழுத்துகளாகவே தெரியும். ஆகவே வகுப்பு தொடங்குமுன்பே நுண்கணிதத்தைத் தாளில் போட்டுப் பழகுங்கள். பார்த்துப் புரிந்துகொள்வது வேறு, போட்டுத் தேர்வது வேறு.

அச்சமன்பாடுகள் இன்னொன்றும் சொல்கின்றன. தொட்டில் ஒருமுறை ஆடும் நேரத்தில் இருமுறை துள்ளுமானால், துள்ளலின் ஆற்றல் ஆட்டத்துக்கும், பின்னர் ஆட்டத்தின் ஆற்றல் துள்ளலுக்கும் மாறி மாறிச் செல்லும். பாரத்தால் ஸ்பிரிங் நீளும் அளவு, தொங்கும் மொத்த நீளத்தில் கால் பங்காக இருந்தால் இது நிகழும். வீட்டிலேயே பார்க்கலாம். குழந்தை வேண்டாம், அரிசிப் பை போதும். பையை மாட்டியதும் ஸ்பிரிங் 40 சென்டிமீட்டர் நீண்டால், உத்தரத்திலிருந்து பையின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 1.6 மீட்டர் வரும்படி சேலையை முடிச்சிடுங்கள். மிகச் சிறிதே சாய்த்து, கீழே இழுத்து விட்டுவிட்டு, கை படாமல் நின்று பாருங்கள்: துள்ளல் மெல்ல அடங்க, பை பக்கவாட்டில் வீசத் தொடங்கும், சற்று நேரத்தில் அந்த வீச்சும் தணிந்து, மீண்டும் துள்ளும்.