மருவும் தையல் நூலும்

நேயர்களுக்கு வணக்கம். கழுத்தின் பக்கவாட்டில் விரலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எள்ளளவில், மெத்தென்று, சின்னக் காம்பில் தொங்குவது போல ஏதாவது தட்டுப்படுகிறதா? அந்த மருவைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பாலுண்ணி என்றும் சிலர் சொல்வார்கள்.

நம் சிக்கலே இந்தப் பெயர்தான். விரலில் சொரசொரப்பாக வருவதையும் மரு என்கிறோம். அது வைரஸால் வருவது, தொட்டால் பரவும். தொங்கும் மரு பரவாது. கொஞ்சம் நார்த்திசு, கொழுப்பு, மெல்லிய ரத்தக்குழாய், மேலே தோல் போர்வை, அவ்வளவுதான். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, கண்ணிமை என்று தோல் மடிந்து உரசும் இடங்களில் வரும். உறுத்தாத வரைக்கும் எடுக்க வேண்டியதே இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். மேலிமையில் கடுகளவு மரு. நூல் கட்டினால் தானே விழும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இமையில் கட்ட வேண்டுமென்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் அவருக்கு நூலே தெரியாது. எப்படியோ சுருக்குப் போட்டுவிட்டார். முடிச்சுக்குள் மருவோடு மூன்று இமைமுடிகளும் மாட்டிக்கொண்டன. இமை வீங்கி, நூல் நுனி கன்னத்தில் ஆட வந்து உட்கார்ந்தார். "டாக்டர், முடிச்சை மட்டும் அவிழ்த்துவிடுங்கள், மரு இருந்துவிட்டுப் போகட்டும்!" லென்ஸ் வைத்து, நுனி மெல்லிய இடுக்கியால் அந்த முடிச்சைப் பிரிக்கப் பத்து நிமிடம் ஆனது. அப்புறம் மரத்துப்போக ஊசி போட்டு மருவைக் கத்தரித்தேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சரி, நூல் கட்டினால் விழாதா? விழும், பொய் சொல்ல மாட்டேன். ரத்த ஓட்டம் நின்று, கறுத்துச் சுருங்கி விழும். நாங்களும் சிலருக்குக் கட்டுவதுண்டு, ஆனால் அது மருதானா என்று பார்த்த பிறகு. திரும்பவும் சொல்கிறேன், பார்த்த பிறகு. மரு என்று நினைத்தது மச்சமாக இருக்கலாம். அபூர்வமாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம். திடீரென வளர்ந்தால், நிறம் மாறினால், கெட்டியானால், உரசாமலே ரத்தம் கசிந்தால் கை வைக்காதீர்கள். கரைத்துவிடும் என்று விற்கும் திரவங்கள் சுற்றியுள்ள தோலையும் சேர்த்துப் பொசுக்கும். இமைப் பக்கம் கொண்டே போகாதீர்கள்.

மின்சாரத்தால் சுட்டும் எடுக்கலாம், திரவ நைட்ரஜனால் உறையவைத்தும் எடுக்கலாம். உறையவைத்தால் கருந்தோலில் வெள்ளைத் திட்டு நின்றுவிடக்கூடும். அதனால் என் ஓட்டு கத்தரிக்கோலுக்குத்தான்.

முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருந்தேன், ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால் ஒரு நிமிடம்தான் என்று விரலைக் காட்டுகிறார்கள். நிறைய மரு, கூடவே பிடரி கறுத்து வெல்வெட் போலத் தடித்திருக்கிறதா? தேய்க்காதீர்கள், அது அழுக்கில்லை. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். ரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிடுங்கள், கர்ப்பகாலத்தில் வரும் மரு வேறு கதை, அதற்கு நேரமில்லை. வணக்கம்.