அச்சாணியைக் கேட்டு நிற்கிறோம்

(பண்ருட்டி வட்டார விவசாயிகளும் வியாபாரிகளும் கூட்டிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் முந்திரி வியாபாரி ஐயா அவர்களே, பொதுப்பணித் துறையில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இந்த வெயிலிலும் நமக்காக வந்திருக்கும் பொறியாளர் ஐயா அவர்களே, சுற்றுவட்டார ஊராட்சி மன்றத் தலைவர்களே, குறிப்பாக முதல் வரிசையில் இடம் இருந்தும் பெண்களோடு தரையில் அமர்ந்திருக்கும் தலைவர் அம்மா அவர்களே, பந்தலும் மைக்கும் கொடுத்து ஒரு பைசா வாங்காத தம்பிகளே, வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய ஆசிரியர் ஐயா என்னைப் பற்றிப் பெரிய வார்த்தைகள் சொன்னார். அது அவருடைய அன்பு.

விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் வரை நான்குவழிச் சாலை. இதைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். ஒன்று, இதனால் நமக்கு என்ன லாபம். இரண்டு, விபத்து. மூன்று, சுங்கச்சாவடி.

முதலில் லாபம். ஒரு காலத்தில் 45சி என்று சொன்னோம், இன்றைக்குத் தேசிய நெடுஞ்சாலை 36. ஏறக்குறைய 165 கிலோமீட்டர். இந்த ஒரே சாலையில் என்னென்ன இருக்கிறது, யோசித்துப் பாருங்கள். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும், நெய்வேலி நிலக்கரி, சேத்தியாத்தோப்பு சர்க்கரை ஆலை, அதை அடுத்து வீராணம், அப்புறம் கும்பகோணம் வெற்றிலையும் பித்தளைப் பாத்திரமும், சுவாமிமலை ஐம்பொன் சிலை, தஞ்சாவூர் நெல். வடக்கே விக்கிரவாண்டியில் ஏறினால் சென்னை. இவ்வளவும் போய்வர நமக்கு இருந்தது இரண்டுவழிச் சாலை, அதிலும் நடுவே கொள்ளிடத்தைக் கடக்க அணைக்கரையின் குறுகிய பாலம். 2025 ஜூலையில் சேத்தியாத்தோப்பிலிருந்து சோழபுரம் வரை 50 கிலோமீட்டரைப் பிரதமர் திறந்து வைத்தார். 2,350 கோடிக்கு மேல் செலவு. கொள்ளிடத்தின் மேல் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நான்குவழிப் பாலம். நல்ல காரியம். மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் என் பாட்டி சொல்வாள்: அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. இந்தப் பழமொழியை நான் எந்த மேடையிலும் விட்டதில்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன்னால் என் சித்தப்பா மகனுக்குத் திருப்பனந்தாளில் கல்யாணம். பெண் வீடு அந்த ஊர். மாலை ஆறு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. இங்கிருந்து மதியமே வேனில் கிளம்பிவிட்டோம். நாலரை மணிக்கு அணைக்கரை. 1836ல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கட்டிய கீழணை அது. தண்ணீரை நிறுத்தக் கட்டிய இடம். எதிரெதிரே இரண்டு பஸ் போகும் அகலம் அதில் ஏது? இந்தப் பக்கத்தை நிறுத்தி அந்தப் பக்கத்தை விடுவார்கள், அப்புறம் மாற்றி விடுவார்கள். அன்றைக்கு இரண்டு பக்கமும் நின்றுவிட்டது.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். பாலத்து நடுவில் கரும்பு டிராக்டர். என்ஜின் நன்றாக ஓடுகிறது, டயரில் காற்று இருக்கிறது, டிரைவரும் உட்கார்ந்திருக்கிறார். டிராக்டரையும் டிரெய்லரையும் சேர்க்கும் இரும்பு பின் ஒன்று இருக்குமே, ஒரு சாண் நீளம், அது முறிந்துவிட்டது! கரும்புக் கட்டு சரிந்து பாதிப் பாலத்தை அடைத்துக் கிடக்கிறது. பின் வாங்க ஆள் போயிருக்கிறது என்றார்கள். எங்கே? சோழபுரத்துக்கு!

ஐந்து மணி ஆயிற்று, ஐந்தேகால் ஆயிற்று. பெண் வீட்டிலிருந்து போன் மேல் போன். மேளக்காரர்கள் வந்தாயிற்று, குதிரை வண்டி வந்தாயிற்று, மாப்பிள்ளை எங்கே? என் சித்தி வேனிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டினான், ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்தான், இறங்கினான். கரும்பைத் தாண்டி, அணையின் மதகு ஒவ்வொன்றாகத் தாண்டி, முழுப் பாலத்தையும் நடந்தே கடந்தான். பின்னாலேயே நான் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். அந்தக் கரையில் ஒரு பெரியவர், டிவிஎஸ் 50யில் வெற்றிலைக் கட்டோடு நிற்கிறார். விஷயத்தைச் சொன்னோம். கவுளி கவுளியாக அடுக்கிய கட்டைப் பிரித்து, பாதியை என் தலையில் வைத்தார், மீதியை மாப்பிள்ளை மடியில் வைத்தார். "ஏறுங்க தம்பி" என்றார். ஆறேகாலுக்கு மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலில் போய் இறங்கினான், மடி நிறைய வெற்றிலையோடு. பெண்ணின் பாட்டி என்ன சொன்னார் தெரியுமா? "மங்கலப் பொருளோட வந்திருக்கார், இதைவிட நல்ல சகுனம் வேணுமா?" என்றார். இன்றைக்கு அவர்களுக்கு இரண்டு குழந்தைகள்.

அந்தப் பின் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது.

சரி, நம் சாலைக்கு அச்சாணி எது? பெரிய சாலையை ஒட்டி ஊர் வண்டிகள் போய்வரும் சர்வீஸ் ரோடும், பெரிய சாலையிலிருந்து ஊருக்குள் இறங்கும் வழியும்தான். இதைச் சொல்லத்தான் வந்தேன். நம் ரோட்டோரத்தில் பலாப்பழம் விற்கும் ஒரு அம்மாவிடம் இருபது வருடமாக வாங்குகிறேன். பழத்தைத் தட்டிப் பார்ப்பார், காது கொடுத்துக் கேட்பார். கத்தியிலும் விரலிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு பிளப்பார், பிசின் ஒட்டாது. சுளையை எடுத்துத் தட்டில் வைத்து, "சாப்பிட்டுப் பாத்துட்டுக் காசு குடு" என்பார். கார்க்காரர் நின்றால்தான் அவருக்கு வியாபாரம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஊரைச் சுற்றிப் புறவழிச்சாலையில் போகிறவர் எங்கே நிற்பார்? நிற்கவும் கூடாது, ஆபத்து. அப்படியானால் அந்த அம்மா எங்கே போவார்?

இது நமக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. அமெரிக்காவில் 1956ல் அதிபர் ஐசனோவர் கையெழுத்துப் போட்ட சட்டத்தில் பிறந்தவை இன்டர்ஸ்டேட் சாலைகள். சிக்னல் கிடையாது, குறுக்குச் சாலை கிடையாது, நினைத்த இடத்தில் ஏறவோ இறங்கவோ முடியாது. அவை வந்ததும் ரூட் 66 என்ற பழைய சாலையை நம்பிப் பிழைத்த ஊர்களில் ஓட்டலும் பெட்ரோல் பங்கும் வரிசையாகப் பூட்டப்பட்டன. அரிசோனாவில் வில்லியம்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அவர்கள் சாலையை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். எங்கள் ஊருக்கு மூன்று இடத்தில் இறங்கும் வழி என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் வழக்கை விட்டார்கள். 1984 அக்டோபரில் புதுச் சாலை திறந்தது. ரூட் 66 மறு ஆண்டே நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீங்கியது. வில்லியம்ஸ் இன்றும் இருக்கிறது.

நாமும் சாலையை எதிர்க்கவில்லை. பழம் விற்கிற அம்மாவுக்கு இறங்கும் வழியை ஒட்டி ஒரு திடல் கேட்கிறோம். கூரை, தண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை, முப்பது கார் நிற்க இடம். பலாவுக்கும் முந்திரிக்கும் ஒரு குளிர்பதனக் கிடங்கு அதை ஒட்டியே. 2028ல் கும்பகோணத்தில் மகாமகம். லட்சக்கணக்கான ஜனம் இந்த வழியாகத்தான் போகும். அவர்கள் நின்று சாப்பிட்டுப் போக இடம் இருக்க வேண்டாமா?

விபத்தும் இதில்தான் இருக்கிறது. சர்வீஸ் ரோடு இல்லாத இடத்தில் விவசாயி தன் வயலுக்குப் போக இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். சுற்ற மாட்டார், எதிர்த்திசையில் வருவார். அவர் மேல் வழக்குப் போட்டு என்ன பயன்? வழி கொடுங்கள். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது.

சுங்கச்சாவடி பற்றியும் பேசுவதாகச் சொன்னேன். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். அவருக்கு நன்றியுரை வேறு இருக்கிறது.

மேடைக்கு இடப்பக்கம் மனு வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடும்போது உங்கள் ஊர்ப் பெயரோடு, எந்தக் கிலோமீட்டர் கல் பக்கத்தில் இறங்கும் வழி வேண்டும் என்பதையும் எழுதுங்கள். கையெழுத்துத் தெரியாதவர்களுக்கு எழுதித்தர இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். நன்றி, வணக்கம்.